பிள்ளையின் பங்கு

தென்பாண்டி நாட்டில் திருக்கார்த்திகை நாள் நெருங்கும்போது பனங்குருத்து வீடு தேடி வரும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் ஓலைக் கொழுக்கட்டை இல்லாமல் கார்த்திகை நிறைவு பெறுவதில்லை. பச்சரிசி மாவை வறுத்து, கருப்பட்டியைப் பாகாக்கி வடிகட்டி, தேங்காய்த் துருவலும் வறுத்த சிறுபயறும் சுக்கும் ஏலமும் கூட்டிப் பிசைவர். பிசைந்த மாவைக் குருத்தோலையின் மடிப்புக்குள் அடக்கி, மேலே மற்றோர் ஓலையை வைத்துக் கட்டி, ஆவியில் அவிப்பர். ஓலையின் மணம் மாவிலே ஏறும். அந்த மணமே அப்பண்டத்தின் உயிர். வாழையிலையில் வைத்து அவித்தாலும், இட்டலித் தட்டில் வைத்து அவித்தாலும் கொழுக்கட்டை கொழுக்கட்டைதான். ஆனால், அது கார்த்திகைக் கொழுக்கட்டை ஆகாது.

இப்பணி நடைபெறும் வீட்டில் நான்கைந்து வயதுக் குழந்தை ஒன்று இருக்குமானால், அதற்கு என்ன வேலை? பல வீடுகளில் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை, “எட்டிப் போய் விளையாடு” என்பதே. மாவைச் சிந்திவிடும், ஓலையைக் கிழித்துவிடும், அடுப்பங்கரையில் கால் இடறும் என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், உண்பதற்கு மட்டும் அழைக்கப்படும் குழந்தை அவ்விழாவில் ஒரு விருந்தாளியே ஆகும். செய்வதற்கு அழைக்கப்படும் குழந்தைக்கே அவ்விழா உரிமையுடையதாகிறது. சொந்த வீட்டில் விருந்தாளியாக வளர்வதைப் பேறு என்று கருதுவோர் இக்காலத்தில் பெருகி வருகின்றனர். அஃது ஓர் இழப்பு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஓலைக் கொழுக்கட்டையில் குழந்தைக்குரிய பங்கு தாராளமாக உண்டு. ஓலையை ஈரத்துணியால் துடைத்து வைப்பது நான்கு வயதுக் கைக்கு இயலும். ஏலக்காயை எண்ணி எடுத்துக் கொடுப்பதும் இயலும். ஆறு வயதில் மாவை உருட்டி ஓலைக்குள் அடக்கலாம். ஓலையை மூடி, அதன் நாராலேயே முடிச்சிடுவது சற்றுக் கடினம். சிறு விரல்களிலிருந்து முடிச்சு பெரும்பாலும் நழுவும். நழுவட்டும். கட்டுத் தளர்ந்து, மாவு பிதுங்கிய கொழுக்கட்டை ஒன்று பானையிலிருந்து வெளிப்படுமானால், அதனை ஒதுக்கி மறைக்கும் வீடும் உண்டு. “இது யார் கட்டியது? இதை எனக்கு வையுங்கள்” என்று கேட்டு வாங்கி உண்ணும் ஆச்சியும் உண்டு. அந்த ஆச்சியே நல்லாசிரியை. சென்ற ஆண்டு தன் கட்டு ஏன் அவிழ்ந்தது என்னும் கேள்வியோடு அப்பிள்ளை அடுத்த ஆண்டு ஓலையின் அருகே உட்காரும்.

மாவு எவ்வளவு பாகை ஏற்கும் என்பதை ஆச்சி அளவுக் கிண்ணத்தால் அறிவதில்லை; விரல்களுக்கிடையே மாவு ஒட்டும் விதத்தால் அறிகிறாள். மழைக்காலத்து மாவு வேறு, வெயிற்காலத்து மாவு வேறு என்பதும் அவ்விரல்களுக்குத் தெரியும். அதனை எழுதித் தருமாறு கேட்டால் அவளாலேயே இயலாது. அருகிலிருந்து பிசைபவருக்கே அவ்வறிவு கைமாறும். அச்சிட்ட சமையற் குறிப்பு பொருள்களின் பெயரைச் சொல்லும்; அளவையும் சொல்லும்; பதத்தைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஒரு தலைமுறை பிசையாமல் எழுந்து போய்விடுமானால், அதற்கு அடுத்த தலைமுறை யாரிடம் சென்று கேட்கும்?

கைவேலையோடு சொல்லும் வருகிறது. கடையில் வாங்கிய கொழுக்கட்டையை உண்ணும் குழந்தைக்குக் கொழுக்கட்டை என்னும் ஒரு சொல் கிடைக்கிறது. ஓலை துடைத்த குழந்தைக்கோ குருத்து, ஓலை, ஈர்க்கு, நார், மட்டை, பாளை, கருக்கு என்று சொற்கூட்டமே கிடைக்கிறது. கருக்கு என்பது மட்டையின் ஓரத்தில் அரம்போல் நிற்கும் பல். ஒருமுறை விரலைக் கீறிவிட்டால் அச்சொல் பிறகு மறவாது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. அவ்வகையில் வானளாவ நிற்கும் பனையும் புல்லே ஆகும். இன்றைய தாவரவியலாரும் பனையை நெல், கரும்பு ஆகியவற்றைப் போலவே ஒருவித்திலைத் தாவரமாகக் கொள்கின்றனர். ஓலை, பாளை, ஈர்க்கு என்னும் சொற்களைப் புல்லின் உறுப்புகளுக்கு உரியனவாக அம்மரபியல் எண்ணிக் கூறுகிறது. ஆகவே, “அந்த ஈர்க்கைக் கிழித்துக் கொடு” என்று ஆச்சி சொல்லும்போது பேரப்பிள்ளையின் காதில் விழுவது தொல்காப்பியர் கையாண்ட சொல். தேர்வுக்காக அச்சொல்லை மனப்பாடம் செய்வோர் பலர்; அடுப்பங்கரையில் கேட்டு வளர்ந்தோர் சிலர். அந்தச் சிலர் மேலும் குறைவது மொழிக்கும் நல்லதன்று.

உள்ளே கொழுக்கட்டை வேகும்போது வெளியே மாவலி ஆயத்தமாகும். கார்த்திகை விளக்குவிழாவைப் பற்றிய குறிப்பு அகநானூற்றிலேயே காணப்படுகிறது. அவ்விழாவில் இளைஞர் சுழற்றும் பொறிவாணமே மாவலி. வெடிமருந்து ஒரு துளியும் இதற்கு வேண்டுவதில்லை. ஆண்பனையின் பூக்கதிர்களை உலர்த்தி, குழியிலிட்டுச் சுட்டு, தக்க பதத்தில் மண்ணால் மூடிவிடுவர். மூடுவதற்குச் சிறிது காலந்தாழ்ந்தால் எல்லாம் சாம்பலாகும். முந்திவிட்டால் கதிர் கருகாமல் நிற்கும். காற்றுப் புகாமல் வெந்ததே நல்ல கரியாகும். அக்கரியை நுண்ணிதாக இடித்து, துணியிலே நீளச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கிடையே இறுக்கி, கயிற்றில் பிணைத்து, முனையில் கனலை இட்டுத் தலைக்குமேல் சுழற்றுவர். சுழலுந்தோறும் கரித்துகள் காற்றுப் பட்டுக் கனன்று, பொன்வட்டமாகச் சிதறும். எரிதலுக்குக் காற்று இன்றியமையாதது என்னும் அறிவியல் உண்மையைக் குழியை மூடும்போது ஒருமுறையும், கயிற்றைச் சுழற்றும்போது ஒருமுறையுமாக அப்பிள்ளைகள் கண்ணாரக் காண்கின்றனர். நெருப்பாதலால், கூரை வீடுகளுக்கும் வைக்கோற் போருக்கும் எட்டிய வெட்டவெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்கவே இதனைச் செய்தல் வேண்டும். சிறு குழந்தைக்குக் கரி இடிப்பதும் துணி சுருட்டுவதும் போதும்; கைகால் முழுவதும் கரியாகும் இன்பமே அதற்குப் பெரிது.

ஆனால், ஒன்று கவனிக்கத்தக்கது. மாவலி ஆண்பிள்ளைகளுக்கு, கொழுக்கட்டை பெண்பிள்ளைகளுக்கு என்று பல ஊர்களில் ஒரு வரம்பு இருந்து வருகிறது. இவ்வரம்பைப் போற்றத்தக்க மரபாகக் கொள்ள வேண்டா. மாவு பிசையத் தெரியாத ஆண்மகன் பிற்காலத்தில் பசித்த வயிற்றோடு பிறர் கையை எதிர்பார்த்து உட்காருகிறான். பொறி சுழற்றத் தெரியாத பெண் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். இருவருக்கும் பாதி விழாவே கிடைக்கிறது. பழைய வழக்கங்களில் காக்க வேண்டியவையும் உண்டு. கைவிட வேண்டியவையும் உண்டு.

மரபு மரபு என்று பேசுவோர் மற்றொன்றையும் மறந்துவிடுகின்றனர். விழாவின் வேலைச்சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தோளிலேயே விழுகிறது. அலுவலகத்திலிருந்தோ வயலிலிருந்தோ அந்தி வேளையில் திரும்பும் தாய், அன்றே மாவிடித்து, அன்றே ஓலை கட்டி, அன்றே குழந்தைக்கும் கற்பிக்க வேண்டும் என்பது இரக்கமற்ற பேச்சு. மாவைப் பொறியில் அரைத்துக்கொள்ளலாம். துருவிய தேங்காயை வாங்கிக்கொள்ளலாம். தகப்பன் பாகு காய்ச்சலாம். ஓலை கட்டும் அந்த ஒரு நாழிகை மட்டும் குழந்தை உடனிருந்தால் போதும். எல்லாவற்றையும் பழைய முறைப்படியே செய்ய முயன்று, சோர்ந்து, அடுத்த ஆண்டு முற்றிலும் கைவிடுவதைவிட ஒன்றையேனும் ஆண்டுதோறும் செய்வது மேல்.

குழந்தையின் கைக்கு வேலை தருவது உயர்ந்த கல்வி என்பதை அறிஞர் பலர் உணர்ந்திருந்தனர். 1907-ஆம் ஆண்டில் உரோம் நகரத்து ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், துடைத்தல், கழுவுதல், நீர் வார்த்தல் முதலிய வீட்டு வேலைகளைத் தம் கல்விமுறையில் சேர்த்தார். பொம்மைக் குடுவையை அவர் தரவில்லை. சிறு கைக்கு ஏற்ற உண்மையான குடுவையைத் தந்தார். 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்கும் அம்முறையைப் பயிற்றினார். கைத்தொழிலின் வழியே கல்வி என்னும் திட்டத்தைக் காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டின்முன் வைத்தார். இன்று நகரத்துப் பெற்றோர் சிலர், பிள்ளை சிறு குடுவையிலிருந்து நீர் வார்த்துப் பழகுவதற்காகப் பள்ளிக்குப் பெருங்கட்டணம் செலுத்துகின்றனர். அதே பிள்ளை வீட்டில் தண்ணீர்ச் செம்பைத் தொட்டால், “கொட்டிவிடாதே” என்று அதட்டுகின்றனர். இது வேடிக்கையாக இல்லையா?

பங்கு என்பதற்கு எல்லையும் உண்டு. கோடையில் பதநீர் காய்ச்சும் கொட்டகைகளில் பெரிய தாச்சியில் பாகு கொதிக்கும். பதம் கண்டதும் அதனைச் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவர். ஆறிய கருப்பட்டியைச் சிரட்டையிலிருந்து தட்டி எடுப்பது பிள்ளைக்கு விளையாட்டு. கொதிக்கும் பாகின் அருகே நாள்முழுதும் அதனை நிறுத்துவதும், அதற்காகப் பள்ளியைத் தடுப்பதும் கொடுமை. உழைப்பில்லாமல் அடுப்பெரியாத வறுமையால் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திய குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பழிப்பதும் முறையன்று. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை வேலைக்கு அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், 2016-இல் செய்யப்பட்ட அதன் திருத்தமும் தடுக்கின்றன. பள்ளி நேரம் போக, தீங்கில்லாத வீட்டு வேலைக்கு உதவுவதை அச்சட்டம் விலக்கவில்லை. களைத்தால் எழுந்து போகும் உரிமை பிள்ளைக்கு உள்ளவரை அது பங்கு. அவ்வுரிமை போய்விட்டால் அது கூலி வேலை.

பனை ஒரு நாள் விழாவோடு நின்றுவிடுவதும் இல்லை. கோடையில் நுங்கு தின்று முடிந்ததும், வெறுங்கூடு இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளினால் வண்டி ஓடும். விலை கொடுத்து வாங்கிய வண்டி உடைந்தால் குழந்தை அழும். நுங்கு வண்டி உடைந்தால் மற்றொரு நுங்கு கேட்கும். ஓலைக் கீற்றை மடித்து முள்ளிலே கோத்தால் காற்றாடி. சிறு கற்களை உள்ளே வைத்துப் பின்னினால் கிலுகிலுப்பை. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுப் பெண்கள் பின்னும் ஓலைப்பெட்டிகளைக் காண்பவர், அத்தேர்ச்சி இத்தகைய சிறு கீற்றுகளில் தொடங்கியிருக்கும் என்று எண்ணலாம்.

இவ்வளவுக்கும் பனை நிற்க வேண்டும். செங்கற்சூளைக்காகவும் வீட்டுமனைக்காகவும் வெட்டப்பட்டவை மிகப் பல. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2021-இல் அறிவித்தது. பனை விதைகளை விதைக்கவும் திட்டம் வகுத்தது. அரசின் ஆணை மரத்தைக் காக்கக்கூடும். ஓலையைக் கட்டும் விரலை வீடுதான் ஆக்க வேண்டும்.

நகரத்து மாடிவீட்டில் பனைக்கு எங்கே போவது என்று கேட்போர்க்கும் ஒரு வழி உண்டு. பனம்பழம் உதிரும் காலத்தில் ஊரிலிருந்து ஏழெட்டுக் கொட்டைகளைக் கொண்டுவந்து, பழைய சாக்கு ஒன்றில் மணலும் மண்ணும் நிரப்பிப் பதித்து வைக்கலாம். நீர் தெளிப்பது குழந்தையின் பொறுப்பு. பத்தாம் நாளே தோண்டிப் பார்க்க அது துடிக்கும். ஒரு கொட்டையை அதற்கென விட்டுக்கொடுத்துவிடுவது நல்லது. கிழங்கு முற்றுமுன் ஒன்றை வெட்டிப் பார்த்தால், உள்ளே வெண்பஞ்சுபோல் இனிக்கும் தவண் இருக்கும். அதனைத் தின்ற பிறகு எஞ்சியவற்றுக்காகக் காத்திருக்கச் சற்று மனம் வரும். தைப்பொங்கலை ஒட்டிச் சாக்கைக் கவிழ்த்தால், விரல் பருமனில் கிழங்குகள் நீண்டிருக்கும். உப்பும் மஞ்சளும் இட்டு அவித்து, தோலை உரித்து, நடுவிலுள்ள தும்பை நீக்கிக் கொடுத்தால், நார் பல்லில் சிக்கச் சிக்க அக்குழந்தை தின்னும். பக்கத்து வீட்டுக்கு இரண்டு கிழங்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் அதனிடமே விட்டுவிடலாம். “யார் வளர்த்தது?” என்று அங்கே ஒருவர் கேட்பார்.