அரளியை வெட்ட வேண்டாம், அறிந்து வளர்ப்போம்

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆலப்புழை மாவட்டத்தில் ஓர் இளம் செவிலியர் அரளியை மென்றதால் இறந்தார் என்று செய்தி வந்ததன் விளைவு அது. பூஜைக்கு அரளியைத் தடை செய்யவில்லை. ஆனால் செய்தி நம் ஊருக்கு வந்து சேரும்போது, 'வீட்டில் அரளியே ஆகாது' என்றாகிவிட்டது. உத்தரவை முழுதும் படிக்காமல் நடவடிக்கை எடுப்பதை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த வகைதான்.

காரியாபட்டி வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் பூச்செடி எத்தனை இருக்கிறது? மல்லிகைக்குத் தண்ணீர் வேண்டும். ரோஜா சித்திரையில் கருகும். அரளி வேர் பிடித்துவிட்டால் போதும். ஆள் உயரம் தாண்டி வளரும், கோடையிலும் இலை பச்சையாக நிற்கும், பூவும் பூக்கும். ஒற்றையடுக்குப் பூவுக்கு மெல்லிய மணமும் உண்டு. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் இதை நடுவதும் இதனால்தான். வறட்சி தாங்கும், எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தை மறைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது.

நஞ்சு இல்லையா? உண்டு. இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும். நம் முன்னோருக்கு இது தெரியாததல்ல. தெரிந்தேதான் அம்மனுக்குச் செவ்வரளி மாலை சாத்தினார்கள். திருவாரூர் பக்கம் திருக்கரவீரம் கோயிலின் தலமரமே செவ்வரளி. கரவீரம் என்றாலே அரளிதான். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'லோரியே ரோஸ்' என்று பெயர். தென் பிரான்சில் வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் வளர்க்கிறார்கள், நஞ்சென்று அறிந்தே.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 'அரளி விதை' என்று நம் கிராமங்களில் குடும்பங்களை அழவைத்தது பெரும்பாலும் மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளி. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு செடி. 1980களில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி இலங்கை முழுவதும் அதனால் போன உயிர்கள் ஏராளம். வெட்டுவதானால் வீட்டை ஒட்டி நிற்கும் பொன்னரளியை வெட்டுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

செவ்வரளியைச் சுற்றுச்சுவர் ஓரமாக வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் தொழுவத்தின் பக்கத்திலும் வேண்டாம். கவாத்து செய்த கிளைகளை எரிக்காதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள், புகையும் நஞ்சு. காய்ந்த இலை வைக்கோலோடு கலந்தால் மாட்டுக்கு அடையாளம் தெரியாது. ஆகவே வெட்டியதைக் குழி தோண்டிப் புதையுங்கள். பால் பட்ட கையைக் கழுவுங்கள். யாராவது வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பேரப் பிள்ளைகளுக்கு, 'இது பார்க்க, சாமிக்குப் போட. வாயில் வைக்க அல்ல' என்று ஒருமுறைக்கு நாலுமுறை சொல்லி வைப்போம். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? அரளியை வெட்டிப்போட்டால் அந்த இடத்தில் சீமைக்கருவேலம்தான் முளைக்கும்.