பின்னலின் விலை

கைத்தொழில் வகுப்பிலே மணி கோத்த டாட்டிங் பின்னலைக் கற்கப் புகுமுன், அதனை எளியதொரு பொழுதுபோக்கென்றே எண்ணியிருந்தோம். வேண்டுவன நூலும், பாசிமணியும், தறிநாடாவைப் போன்ற சிறு கருவியுமே. ஆயினும், மணிகளை முன்னரே எண்ணிக் கோத்த பின்னரே நூலைக் கருவியிற் சுற்றல் வேண்டும். ஒன்று குறையின் இடையிற் சேர்த்தல் அரிது. கையிற் சுற்றிய நூலே முடிச்சாதல் வேண்டும். கருவியின் நூல் முடிச்சாகிவிடின் வளையம் சுருங்காது. இந்நுட்பத்தை ஏட்டினின்று கற்றோமல்லோம். அருகிருந்தாரின் விரல்களைக் கண்டே கற்றோம். ஒரு சிறு வளையத்திற்கே ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் அம்மையார் அங்குள்ள பெண்களுக்குத் திண்டின்மேற் பின்னும் லேஸைக் கற்பித்தார்; அவர் மகளார் எலிசா கால்டுவெல் அதனை இடையன்குடியிற் பரப்பினார். பின்னல் வகை வேறாயினும் உழைப்பு ஒன்றே. அத்தொழிலால் ஏழைப் பெண்டிர் பலர் தமக்கெனக் கைப்பொருள் கண்டனர்.

அத்தகைய பின்னலைக் கடையிற் கண்டால், “இவ்வளவு விலையா?” என்று பேரம் பேசுகின்றோம். நூலுக்கு விலை தருகின்றோம். கண்ணொளிக்கும் பொறுமைக்கும் தருகின்றோமா? ஆதலின், இலக்கியம் பயிலும் நம்மனோரும், ஆடவர் பெண்டிர் என்னும் வேறுபாடின்றி, வாரத்தில் ஒரு மணிநேரமேனும் இவ்வகுப்பில் அமர்தல் நன்று. விரல் வருந்தியவிடத்துப் பேரம் பேசும் நா தானே அடங்கும்.