கட்டிகளிடம் வினாத் தொடுப்போம்

விளையாட்டுக் கட்டிகளால் மாளிகை எழுப்புவது காட்சி. அக்கட்டிகளிடம் ஒரு வினாவைத் தொடுத்து விடை பெறுவதே பரிசோதனை. விஞ்ஞானக் கண்காட்சிகளில் முன்னதற்கே பரிசு போகுமாயின், நம் பிள்ளைகள் கற்பது விஞ்ஞானமன்று, அலங்காரமே என்போம்.

கஹவத்தைத் தோட்டப் பாடசாலையொன்றின் மாணவி, இணைப்புகள் நேர்நேராக அமைந்த சுவர் உறுதியானதா, மாறிமாறி அமைந்த சுவர் உறுதியானதா என வினவட்டும். கட்டியின் வகை, சுவரின் நீளம், உயரம், அடித்தளம் ஆகிய யாவும் ஒன்றாயிருக்க, இணைப்பு மட்டுமே மாறவேண்டும். சுவரில் நூல் கட்டி, அதில் தொங்கும் குவளையில் மணலிட்டு, சுவர் சரியும் வேளையில் மணலை நிறுக்கட்டும். ஒருமுறை நிறுத்தால் போதுமா? போதாது. ஒவ்வொரு வகையையும் பத்துமுறையேனும் சோதித்தல் வேண்டும். எவ்வகையை எப்போது சோதிப்பதென்பதைத் திருவுளச்சீட்டே தீர்மானிக்கட்டும். பலகாற் கழற்றிப் பூட்டிய கட்டிகளின் பிடி தளரக்கூடும். ஒரு வகை முழுவதையும் முதலிற் சோதித்தால், பின்னது தோற்றது இணைப்பினாலா, தளர்ச்சியினாலா என்பதை எவர் அறிவார்?

இது நம் உழவர்க்குப் புதிதன்று. பள்ளத்து நிலத்துக்கு உரமிட்டு, மேட்டு நிலத்தை வாளாவிட்டு, விளைந்த வேறுபாடெல்லாம் உரத்தாலேயே என்று எவரேனும் சாதித்தால் நாம் நகைக்கமாட்டோமா? இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் ரொனால்ட் பிஷருடன் இணைந்து ஆராய்ந்த ஈடன் என்பார், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றி 1931 இல் கட்டுரை வெளியிட்டார். பிஷரின் பரிசோதனை வடிவமைப்பு நூல் அச்சேறியது 1935 இல்! அந்நூல் வெளிவருமுன்னரே அம்முறை நம் மலைகளுக்கு வந்துவிட்டது. அந்நிலையத்தின் கிளையொன்று இன்று இரத்தினபுரியிலும் இயங்குகிறது.

தேயிலையைக் கொழுந்தெடுத்து வளர்த்த சமூகத்தின் பிள்ளைகள், அத்தேயிலையை ஆராய்ந்த முறையை அறியாதிருப்பது நீதியா? விலையுயர்ந்த ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டிக் கட்டியும், ஒரு தராசும், ஒரு கொப்பியும் போதும். எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே எழுதிவைத்து, அது பொய்த்தாலும் மறைக்காமற் கூறும் மாணவிக்கே நடுவர்கள் முதற்பரிசு வழங்கவேண்டும்.

கூறியதை அப்படியே நம்பும் சமூகத்தை எவரும் ஏய்க்கலாம். சோதித்துப் பார்க்கக் கற்ற சமூகத்தை ஏய்த்தல் எளிதன்று.