பெயரை மறையுங்கள், வினையை அல்ல

பொம்மனஹள்ளி அறையில் அமர்ந்து வன்னி ஒலிப்பதிவொன்றை எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். ‘பேச்சுவழக்கைச் செம்மைப்படுத்துக’ என்றொரு குறிப்பு வந்தது. அதை நான் ஏற்கவில்லை, காரணம் சொல்கிறேன்.

2009இல் போரின் முடிவில் இலங்கை அரசு 2,50,000க்கும் மேற்பட்டோரை முள்வேலிக்குள் அடைத்தது. பெரும்பாலோரைச் செட்டிகுளத்து மெனிக் பாமில். அரசு அவற்றை ‘நலன்புரி நிலையம்’ என்றது. மக்கள் ‘முகாம்’ என்றனர். முன்னாள் போராளிகளை வைத்திருந்ததற்கு அரசு இட்ட பெயர் ‘புனர்வாழ்வு’. மக்கள் வழங்கிய பெயர் ‘தடுப்பு’. இச்சொற்களைத் திருத்துபவர் சாட்சியத்தையே அரசின் பக்கம் நகர்த்துகிறார்.

இலக்கணத்திலும் இதே நிலைதான். “எங்களை ஏத்திக்கொண்டு போனவை” என்பது ஈழ வழக்கு. அங்கே ‘போனவை’ அஃறிணை அன்று. ‘போனார்கள்’ என்பதே பொருள். அதை ‘ஏற்றிச் செல்லப்பட்டோம்’ என்று ‘செம்மை’ செய்தால், செய்தவர் வாக்கியத்திலிருந்தே தப்பிவிடுகிறார்.

சாட்சிகளின் பாதுகாப்புக்காகவே மாற்றுகிறோம் என்பர். பெயரையும் ஊரையும் மறைப்பது நம் கடமை; அடையாளம் காட்டும் விவரங்களை நீக்குவதும் கடமை. வினைமுற்றைத் திருத்துவது எவரைப் பாதுகாக்கிறது? வாசகருக்குப் புரியாதெனில் அடிக்குறிப்பு எழுதுவோம். உழைப்பு நம்முடையதாக இருக்கட்டும். சொல் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.