நாலு கவுண்ட்டர், ஒரே லெட்ஜர்

ஆண்டுக் கணக்கு முடிப்பு, இன்ஸ்பெக்ஷன் என்று பேங்கில் ஆணி அதிகம். இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. இன்றைக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம். பி.காம். படித்த ஆசாமிக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பட்டவன் நான்.

நாக்பூரில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் விழா நடத்துகிறோம். 2024 பொங்கலுக்கு டிக்கெட்டை இணையத்தில் விற்பது என்று முடிவாயிற்று. ஹாலில் 300 நாற்காலி. டிக்கெட் 150 ரூபாய், சாப்பாடு உட்பட. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த என் பையன் தளத்தை எழுதினான். பொருளாளர் அடியேன்.

விழா அன்று 337 பேர் டிக்கெட்டோடு வந்து நின்றார்கள். சந்திரபூரிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம், கூடவே வயதான பாட்டி. பாட்டி கையில் டிக்கெட்டின் பிரிண்ட் அவுட். உட்கார இடமில்லை. தங்கமணி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். "பரவாயில்லம்மா, நம்ம பாஷையைக் காதால கேட்டாப் போதும்" என்றார் பாட்டி. அதற்குப் பிறகு பையன் மேடைப் பக்கமே வரவில்லை. பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தான்.

இரவு வீட்டில், "என் லாப்டாப்ல சரியா ஓடிச்சுப்பா" என்றான். பொய்யில்லை. லாப்டாப்பில் அந்த நிரல் ஒரே ஆளாக ஓடியது. சர்வரில் நான்கு ஆளாக ஓடியது.

ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்ல, வெப் சர்வர் ஒரே நிரலைப் பல புராசஸ்களாக ஓட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஒன்றின் நினைவகத்தை மற்றது தொட முடியாதபடி இயங்குதளமே சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழக்கூடாதே! பையன் 'மீதி 300' என்பதை நினைவகத்தில் வைத்திருந்தான். நான்கு புராசஸ், நான்கு 'மீதி 300'. ஒவ்வொன்றும் தன் கணக்கில் எண்பது, தொண்ணூறு விற்றது. யாருக்குமே பூஜ்யம் வரவில்லை. 1,200 டிக்கெட் வரை விற்றிருக்கலாம். 337-ல் நின்றது நம் ஜனத்தொகையின் புண்ணியம்.

"அப்போ நாலும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துக்கிட்டா சரியாப் போச்சு" என்றான். இங்கேதான் எனக்கும் அவனுக்கும் வழக்கு.

நான் 2003-ல் வேலையில் சேர்ந்த கிராமக் கிளையில் இன்னும் கையெழுத்து லெட்ஜர்தான். பணம் எடுக்க வருபவர் சீட்டைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வார். கிளார்க் லெட்ஜரில் பற்று எழுதி, அதிகாரி சுருக்கொப்பம் போட்டு, அப்புறம்தான் கேஷியர் பணம் கொடுப்பார். ஒரு கணக்குக்கு ஒரே பக்கம். அது ஒருவர் மேஜையில் இருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஜனங்கள் திட்டுவார்கள். ஆனால் இருக்கும் ஆயிரம் ரூபாயை இரண்டு கவுண்ட்டரில் இரண்டு தடவை கொடுக்க வழியில்லை.

அதே கிளையில் வட்டி விகித அட்டவணை ஒவ்வொரு மேஜையிலும் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். எத்தனை பிரதி இருந்தாலும் ஆபத்தில்லை. யாரும் அதில் எழுதுவதில்லை.

என் கட்சி இவ்வளவுதான். படிக்க மட்டும் உள்ளதைத் தாராளமாகப் பகிருங்கள். எழுதப்படுவதை ஓர் இடத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

முதல் வகைக்கு லினக்ஸ் இலவசமாகவே உதவுகிறது. தாய்ப் புராசஸ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பிறகு கிளை பிரிந்தால், எல்லோரும் ஒரே நினைவகப் பக்கங்களைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் எழுதும்போதுதான் அந்தப் பக்கத்துக்கு மட்டும் (பொதுவாக 4 கிலோபைட்) அவருக்குத் தனிப் பிரதி. பைத்தானில் ஒரு வேடிக்கை. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அந்தப் பொருளுக்குள்ளேயே இருப்பதால், சும்மா பார்த்தாலே எழுதியதாகிவிடும்! மாறாத சில பொருட்களுக்கு அந்த எண்ணிக்கையை அசையாமல் வைத்தது 2023-ல் வந்த 3.12 பதிப்புதான்.

"மெம்கேஷ்டு?" என்றான். 2003-ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னல் தளத்துக்காக எழுதிய அருமையான கருவி. பல இயந்திரங்களின் நினைவகத்தைச் சேர்த்து ஒரு பொதுக் கிடங்காக்கும். ஆனால் இடம் போதாவிட்டால் பழசைத் தூக்கி எறியும். நின்று கிளம்பினால் எல்லாம் காலி. நிகழ்ச்சி நிரலை அங்கே வைக்கலாம். காசு கொடுத்தவரின் நாற்காலியை வைக்கலாமா?

சரி, நாமே பகிர்ந்த நினைவகம் அமைத்துப் பூட்டும் போடலாம். பூட்டை வைத்திருக்கும் புராசஸ் பாதியில் செத்தால்? பெட்டகச் சாவியோடு ஒருவர் ஊருக்குப் போன கதைதான். மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியது. தரவுத்தளத்தில் அந்தத் தொல்லை இல்லை. இணைப்பு அறுந்தால் பாதி எழுதியதை அதுவே ரத்து செய்து, பூட்டையும் விட்டுவிடும்.

"மெதுவாகுமேப்பா" என்றான் கடைசியாக. 300 நாற்காலிக்கா! மில்லி வினாடிகளை மிச்சம் பிடித்து, ஒரு பாட்டியை நிற்க வைத்தோம்.

கடைசியில் தரவுத்தளத்துக்கே வந்தான். 'மீதி இருந்தால் மட்டும் ஒன்று கழி' என்று ஒரே கட்டளை. முதலில் படித்து, பிறகு கழித்து எழுதுவது என்று இரண்டு படியாக வைத்தால், இடையில் இன்னொருவர் நுழைந்து அதே கடைசி நாற்காலியை விற்றுவிடுவார்.

பையனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பணப் பதிவு மட்டும் முதலிலிருந்தே தரவுத்தளத்தில்தான் இருந்தது. 50,550 ரூபாய், பைசா பிசகவில்லை. முந்தின நாள் ராத்திரி அதை 150-ஆல் வகுத்திருந்தால் 337 என்று கண்ணில் பட்டிருக்கும். பேங்கில் டாலி ஆகாமல் வீட்டுக்குக் கிளம்பாத நான், இங்கே பார்க்கவே இல்லை. நம் விழாதானே என்ற அலட்சியம்.

2025 பொங்கலுக்கு 300-ல் விற்பனை நின்றது. டிக்கெட் கிடைக்காத ஒருவர் போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் ஊர் விழாவுக்கும் யாராவது பிள்ளைகள் தளம் எழுதியிருப்பார்கள். மீதிக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அப்படியே பொருளாளரையும்.