பதுளைக்கு எட்டாத பந்து

இலங்கையில் தொழின்முறை உதைபந்தாட்டம் என்று பெயர் சூட்டி, 2021ஆம் ஆண்டில் 'சுப்பர் லீக்' ஆரம்பமாயிற்று. பத்துக் கழகங்கள் பொருதின. ரினோன், ரத்னம், கொழும்பு ஆகியவை தலைநகரத்தைச் சேர்ந்தவை. முப்படைகளுக்கும் ஒவ்வொரு கழகம். வாகை சூடியது களுத்துறையின் புளூ ஸ்டார். மறு ஆண்டு அக்கழகம் ஆசியச் சம்மேளனக் கிண்ணப் போட்டியில் நேபாளத்து மச்சீந்திராவை வென்று, பின்னர் கல்கத்தாவின் மோகன் பகானிடம் ஐந்து கோல்களால் தோற்றது.

மலைநாட்டின் பெயரைத் தாங்கி வந்தது நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் ஒன்றே. ஊவா மாகாணத்திலிருந்து ஒரு கழகமேனும் இல்லை.

குறை நம் பிள்ளைகளின் கால்களில் இல்லை, நிலத்தில் உள்ளது. சரிவெல்லாம் தேயிலைக்கு, சமநிலம் கண்டால் அங்கே தொழிற்சாலையோ லயமோ எழுந்துவிடும். எஞ்சிய துண்டு நிலத்திலே சிறுவர் ஆடுகின்றனர். பந்து பள்ளத்தில் உருண்டுவிட்டால், அதை எடுத்து மேலேறுவதற்குள் பாதி ஆட்டம் கழிந்துவிடும். (அந்தத் தேகப்பயிற்சிக்குப் புள்ளி கொடுப்பார் யாருமில்லை!)

பதுளை நகரில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறதே எனலாம். லுணுகலையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் அங்கு வருவதற்கே பஸ் கட்டணம் வேண்டும். கொழும்போ இன்னும் தொலைவு. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளமுடையது. பயணத்திலேயே ஒரு பகல் போய்விடும். மகனைத் தேர்வாட்டத்துக்கு அழைத்துச் சென்று திரும்ப எத்தனை நாட்சம்பளம் போகும் என்று தோட்டத்துத் தந்தை கணக்கிடுகிறார். அக்கணக்கில் பிழை காண நம்மால் இயலாது.

வீரர்களைத் தெரிவு செய்வோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதே புகையிரதத்தில் ஏறிப் பதுளைக்கு வரட்டும்.