நற்சான்று யார் யாருக்குத் தருவது?

பனமலையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கரும்பு வெட்டும் அறுவடையும் முடிந்துவிட்டால் இளைஞர்கள் வேலை தேடிப் புறப்படுகிறார்கள். சிலர் புதுச்சேரிப் பக்கம் போகிறார்கள். சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போகிறார்கள். அவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும்போது கம்பெனிக்காரர்கள் பழைய இடத்தில் விசாரிக்கிறார்களா?

விசாரிக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் "உம்மைத் தெரிந்தவர் இருவர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழைய மானேஜரின் பெயரையும் போன் நம்பரையும் கேட்கிறார்கள். சில கம்பெனிகள் இந்த வேலையையே தொழிலாக நடத்தும் ஏஜென்சிகளிடம் ஒப்படைக்கின்றன. போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பதும் உண்டு. இதெல்லாம் திறமையைப் பார்ப்பதற்கு என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. அது உண்மையா என்று பார்ப்போம்.

கண்டிராக்டரின் வேனில் ஏறிப் போகும் ஆளை யார் விசாரிக்கிறார்கள்? ஆதார் அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு அன்றைக்கே மிஷினில் நிறுத்துகிறார்கள். ராத்திரி ஷிப்டும் அவரை நம்பித்தான் ஓடுகிறது. கோடி ரூபாய் இயந்திரம் அவர் கையில் இருக்கிறது. மூன்று வருஷம், ஐந்து வருஷம் இப்படியே போகிறது. அத்தனை காலமும் அவருடைய குணத்தைப் பற்றி நிர்வாகத்துக்குச் சந்தேகமே வருவதில்லை. "எங்களை நிரந்தரமாக்கு" என்று அவர் வாய் திறந்த மறுநாள் சந்தேகம் வந்துவிடுகிறது! எந்த ஊர், எந்தத் தெரு, பழைய இடத்தில் ஏன் நின்றாய், அங்கே யூனியன் இருந்ததா, நீ அதில் இருந்தாயா என்று கேள்விகள் புறப்படுகின்றன.

தினக்கூலிக்குத் தேவைப்படாத நற்சான்று நிரந்தரத்துக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது? தினக்கூலியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிரந்தரத் தொழிலாளிக்கு உரிமை வந்துவிடும். அவரை நினைத்த நேரத்தில் வெளியே தள்ள முடியாது. ஆகவே உள்ளே வரும் வாசலிலேயே வடிகட்டிவிடப் பார்க்கிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவனாவது மாடு உழுமா என்றுதான் பார்க்கிறான். இவர்கள் பார்ப்பது, இந்த ஆள் எதிர்த்துப் பேசுவானா என்பதை.

இது புதிய தந்திரமும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன நம் பாட்டன்மார்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கப்பல் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று கங்காணி எழுதிய கடனைச் சுமந்தே அவர்கள் தோட்டத்தில் இறங்கினார்கள். அந்தத் தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் துரை ஒரு "துண்டு" எழுதித் தரவேண்டும். இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பதே அதன் வாசகம். புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டியது. கடன் மட்டும் தொழிலாளியின் தலையிலேயே இருந்தது. மனிதனின் மேல் ஒட்டிய விலைச் சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் விலகல் சீட்டு ஓயவில்லை. "பற்றுச் சீட்டு" என்று அதற்குப் பெயர். அதை வைத்திருப்பவன் துரை. அது இல்லாமல் அலைபவன் தொழிலாளி. இன்று ஏட்டுத் துண்டு போய் டெலிபோன் துண்டு வந்திருக்கிறது. பழைய மானேஜர் போனில் என்ன சொன்னார் என்பது தொழிலாளிக்குத் தெரியவே தெரியாது. வேலை இல்லை என்ற பதில் மட்டும் வந்து சேரும்.

சர்க்கார் வேலையிலும் இதே கதை நடந்தது. 1949இல் ரயில்வேயில் "தேசப் பாதுகாப்பு" விதிகள் வந்தன. கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு, அவர்களுடைய செல்வாக்கில் இருந்த யூனியனில் வேலை என்று சொல்லி, பெங்கால் நாக்பூர் ரயில்வேத் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1957இல் சுப்ரீம் கோர்ட் அதைச் சரி என்றது. கால் நூற்றாண்டு கழித்து 1983இல் வேறொரு வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர் என்ற போலீஸ் அறிக்கையால் வேலை இழந்தார். பழைய அரசியலுக்காக ஒருவரின் வேலையைப் பறிக்கக் கூடாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். அந்த ஆசிரியரின் அரசியலுக்கும் நமக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் தீர்ப்பு நியாயமான தீர்ப்பு. நமக்கு வேண்டிய நீதியை நம் எதிரிக்கு மறுத்தால், நாளை அது நமக்கும் மறுக்கப்படும்.

ஆனால் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துவது சர்க்காரை. தனியார் முதலாளியின் வாசலில் அது நிற்காது. சட்டம் நிற்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 2009இல் அங்கே ஒரு சிறிய ஆபீசில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். கட்டுமானத் தொழிலாளர் 3,213 பேரின் பெயர்கள் கொண்ட ரகசியப் பட்டியல் கிடைத்தது. யார் யூனியன் ஆள், யார் பாதுகாப்புக் குறை சொன்னவர் என்றெல்லாம் அதில் குறித்து வைத்திருந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பணம் கட்டி அதைப் பயன்படுத்தின. ஏன் வேலை கிடைக்கவில்லை என்று தெரியாமலேயே தொழிலாளர்கள் வருஷக் கணக்கில் அலைந்தார்கள். பட்டியலை நடத்தியவருக்கு விதித்த அபராதம் 5,000 பவுன். தொழிலாளர்கள் விடாமல் வழக்காடியதால் 2016இல் பெரிய கம்பெனிகள் நஷ்ட ஈடு கொடுத்துக் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டன.

நம் கிராமங்களில் இன்னொரு விஷமும் இதில் கலக்கிறது. "ஊரில் விசாரித்தோம்" என்கிறார்களே, ஊரில் யாரை விசாரிக்கிறார்கள்? காலனியில் போய்க் கூலிக்காரனைக் கேட்பதில்லை. நிலக்காரரையும் பெரியதனக்காரரையும் கேட்கிறார்கள். கூலி உயர்வு கேட்டு நடவுக்குப் போகாமல் நின்றவரின் மகனுக்கு அவர்கள் என்ன சான்று கொடுப்பார்கள்? "ஆள் நல்லவன்தான், ஆனால்..." என்று இழுப்பார்கள். அந்த "ஆனால்" என்ற ஒரு சொல்லில் ஜாதியும் பழைய பகையும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் எந்த விசாரணையும் கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. கிரேன் ஓட்டுபவரிடம் லைசென்ஸ் கேட்கட்டும். வெல்டரைப் பற்றவைக்கச் சொல்லிப் பார்க்கட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருபவர் மீது குழந்தைகளுக்குக் கொடுமை செய்த தண்டனை உண்டா என்று அறியட்டும். வேலைக்குச் சம்பந்தமானதைக் கேட்பதில் தவறில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாததைத் தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் கேட்பதையே எதிர்க்கிறோம்.

நிரந்தரத்துக்கு அளவுகோல் எது என்பதை 1981ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் தெளிவாக வகுத்தது: 24 மாதத்தில் 480 நாள் வேலை. குணச் சான்றோ சிபாரிசுக் கடிதமோ அதில் பேசப்படவில்லை. ஒருவர் 480 நாள் உழைத்த உழைப்பைவிட வேறென்ன நற்சான்று இருக்க முடியும்?

சான்று பெறும் உரிமையும் ஏட்டில் இருந்தது. 1946ஆம் வருஷச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகள், டிஸ்மிஸ் ஆனாலும் ஓய்வு பெற்றாலும் நிரந்தரத் தொழிலாளிக்கு சர்வீஸ் சர்டிபிகேட் தரவேண்டும் என்றன. 1971ஆம் வருஷ ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள், வேலை முடிந்ததும் கண்டிராக்டரே சான்று தரவேண்டும் என்றன. எத்தனை கண்டிராக்டர்கள் கொடுத்தார்கள்? 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்புகள் வந்திருக்கின்றன. முன்பு 100 பேர் வேலை செய்த இடத்துக்கே நிலையாணை உண்டு. இப்போது 300 பேர் இருந்தால்தான் கட்டாயம். சிறிய ஆலைகளின் தொழிலாளி இன்னும் கொஞ்சம் நிர்க்கதியாகிவிட்டார்.

நிரந்தர வேலைகளோ குறைந்துகொண்டே வருகின்றன. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட புதுச்சேரி ஏ.எப்.டி. மில்லே 2020இல் மூடப்பட்டது. வேலை அரிதாக ஆக, வாசலில் நிற்பவனின் அதிகாரம் பெருகுகிறது. இந்த நிலையில் நாம் கோருவது மூன்று. வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும், கண்டிராக்ட் ஆளானாலும், என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுத்தில் சான்று தரவேண்டும். ஒருவரைப் பற்றி விசாரித்தால், கேட்டது என்ன, சொன்னது யார் என்பதை அவருக்குக் காட்ட வேண்டும். யூனியன், ஜாதி, ஊர்ப் பகை இவற்றைக் காரணமாக வைத்து வேலை மறுப்பதைக் குற்றமாக்க வேண்டும்.

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டு, பி.எப். கணக்கு, ஈ.எஸ்.ஐ. நம்பர், கேட் பாஸ் இவற்றைப் பத்திரமாக வையுங்கள். எந்த மானேஜரின் தயவும் இல்லாமல் உங்கள் வேலை நாட்களுக்குச் சாட்சி சொல்பவை அவை. படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்ததையே பின்னால் காரணமாக்குவார்கள். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தால்கூட வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அது அவர் மனசு வைத்தால்தான். ஆகவே உள்ளதைச் சொல்லுங்கள். கூலி கேட்டு வந்த வழக்கு வெட்கப்பட வேண்டியதும் அல்ல.

கடைசியாக ஒன்று. நம்மை விசாரிக்கும் முதலாளியை நாமும் விசாரிப்போம். அங்கே சம்பளம் ஏழாம் தேதிக்குள் வருகிறதா? பி.எப். பணம் கட்டுகிறார்களா? கை போனவருக்கு நஷ்ட ஈடு கிடைத்ததா? 480 நாள் ஆனவரை நிரந்தரமாக்கினார்களா, 470ஆம் நாள் நிறுத்தினார்களா? ஏற்கெனவே அங்கே வேலை செய்தவரைக் கேளுங்கள். கேட்டதை ஊரில் சொல்லுங்கள், யூனியனில் எழுதி வையுங்கள். தனி ஆள் கேட்டால் அது முணுமுணுப்பு. நூறு பேர் கூடிக் கேட்டால் அதற்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆகவேண்டும்.